சுவரே சித்திரம்



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. உடலைப் பேணாதவன் எதனையும் சாதிக்க மாட்டான் என்பதற்கு அதனை எடுத்துக் கூறுவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அப்பழமொழியைச் சிறிது திருப்பிப் போடல் வேண்டும். சுவரின் மேல் சித்திரம் எழுதாது, சுவரையே சித்திரமாகக் காணும் கலை ஒன்று உண்டு. நாள்தோறும் நாம் ஏறி இறங்கும் படிக்கட்டு, திறந்து மூடும் யன்னல், மழைநீர் வடியும் பீலி, சாந்து பெயர்ந்த மதில் என்னும் இவற்றின் ஒரு சிறு கூற்றை நிழற்படக் கருவியால் பிடித்து, இன்ன பொருளென்று பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாத வடிவமாகக் காட்டுவது அக்கலை. அத்தகைய படங்களை மக்கள் தொழில் செய்யும் கந்தோர்களின் சுவர்களிலே தொங்கவிடும் வழக்கமும் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அக்கலை எவ்வாறு தோன்றியது, அதனை எவ்வாறு செய்கிறார்கள், கந்தோரில் அதற்கு என்ன அலுவல் என்னும் மூன்று வினாக்களுக்கும் இயன்றவரை விடை கூற முயல்வேன். வானொலியிலே படத்தைக் காட்ட முடியாது. ஆகவே காட்சியைச் சொல்லாலே தீட்டவேண்டியிருக்கிறது. எஞ்சியதை நேயர்கள் தங்கள் மனக்கண்ணால் நிரப்பிக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில், நான் நேரில் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சி. கொழும்புக் கோட்டைப் பகுதியிலே நண்பர் ஒருவர் பணிபுரியும் கந்தோருக்கு ஓர் ஆவணி மாதத்தில் போயிருந்தேன். நண்பர் அலுவலை முடித்துக்கொண்டு வரும்வரை இடைகழியிலே கதிரையில் அமர்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் கறுப்புச் சட்டமிட்ட ஆறு நிழற்படங்கள் தொங்கின. அவற்றுள் ஒன்று என் கண்ணைப் பிடித்தது. வெளிறிய சாம்பல்நிறப் பரப்பு. அதன் குறுக்கே சரிந்து செல்லும் பன்னிரண்டு கருங்கோடுகள். ஒவ்வொரு கோடும் ஈரிடங்களில் முறிந்து, சிறிது விலகி, மீண்டும் தொடர்ந்தது. கோடுகளின் முடிவில் வெள்ளை முக்கோணம் ஒன்று. வேறெதுவும் இல்லை. அவ்வழியால் வந்த இளம் லிகிதர் ஒருவரிடம் அது என்னவென்று கேட்டேன். மீன்முள்ளாக இருக்கலாம் என்றார். அவருடன் வந்தவர், ஏதோ வெளிநாட்டு இயந்திரத்தின் உறுப்பு என்றார். தேநீர் கொண்டுவந்த முதிய சிற்றூழியர் இருவர் கூற்றையும் கேட்டுச் சிரித்தார். "இது எங்கள் பின்பக்கப் படி, ஐயா. தை மாதத்திலே காலை ஒன்பதரை மணிக்குக் கைபிடிக் கம்பிகளின் நிழல் இப்படித்தான் விழும். பத்தேகாலுக்குப் போனால் இராது" என்றார்.

நாங்கள் எழுந்து சென்று பார்த்தோம். மாதமும் வேறு, நேரமும் வேறு. ஆகவே அந்த நிழல் அங்கே இல்லை. ஆனால் படி இருந்தது. கம்பிகள் பன்னிரண்டும் இருந்தன. படிகளின் விளிம்பிலே நிழல் மடிந்து இறங்குவதனாலேயே கோடுகள் முறிந்து காணப்பட்டன என்பது தெளிவாயிற்று. அந்த லிகிதர்கள் பல ஆண்டுகளாக அதே படியில் ஏறி இறங்கியவர்கள். படம் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியது. அந்தப் படியைக் கூட்டித் துடைத்தவருக்கோ அது பழகிய முகமாய் இருந்தது. அன்று முதல் இவ்வகைப் படங்களைப் பற்றி விசாரித்து அறிய முற்பட்டேன். அவ்விசாரணையின் பயனே இப்பேச்சு.

இவ்வகைக் கலையை அருவக்கலை என்று நம் எழுத்தாளர் சிலர் வழங்குகின்றனர். அச்சொல்லைச் சிறிது ஆராய்ந்தால் பொருள் விளங்கும். சைவ நூல்கள் இறைவன் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என மூவகையாகப் பேசும். சிவலிங்கம் அருவுருவம் எனப்படும். அதற்கு மேனி உண்டு, ஆனால் முகமும் கைகால்களும் இல்லை. சமயப் பொருளைக் கீழிறக்கிப் பேசுவதாக எவரும் கருத வேண்டா. சொல்லின் வசதி கருதியே அதனைக் கடன்கொள்கிறேன். எந்தப் பொருளையும் சாராத வடிவத்தை ஒருவர் தம் கையால் எழுதலாம். நம் பெண்கள் முற்றத்தில் இடும் புள்ளிக்கோலம் பெரும்பாலும் அத்தகையதே. அது எதன் படமும் அன்று. கோடும் இடைவெளியும் ஒழுங்கும் சேர்ந்து கண்ணுக்கு இன்பம் தருகின்றன. இது என்ன என்று கோலத்தைப் பார்த்து எவரும் கேட்பதில்லை. அருவக்கலை மேல்நாட்டார் நம்மேல் சுமத்திய புதுமை என்று எண்ணுவோர் தம் வீட்டு வாசலையே ஒருமுறை பார்த்தல் நன்று.

நிழற்படக் கலைஞரின் நிலையோ வேறு. அவருடைய கருவியின் முன்னே ஏதேனும் ஒரு பொருள் இருந்தே ஆகவேண்டும். அப்பொருளில் பட்டுத் திரும்பிய ஒளியே படமாகிறது. ஆகவே அவர் செய்யும் படம் எவ்வளவுதான் பொருளை மறைத்தாலும், அதனடியிலே ஒரு மெய்யான சுவர், மெய்யான படி, மெய்யான ஒரு பகற்பொழுது இருந்துகொண்டேயிருக்கும். அதனை அருவுருவம் என்றல் மிகப் பொருந்தும். முதற் பார்வையில் கோலம். மறுபார்வையில் நம் வீட்டுப் படி. இவ்விரு பார்வைகளுக்கும் இடையே மனம் செல்லும் சிறு பயணமே இக்கலை தரும் இன்பம்.

இனி இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நிழற்படக்கலை உலகிற்கு வெளிப்பட்டது 1839 ஆம் ஆண்டில். அதன்பின் நெடுங்காலம் கட்டடங்களைப் படம்பிடித்தோர் கோபுரம், கோட்டை, அரண்மனை முதலியவற்றை முழுமையாகவும் தெளிவாகவும் காட்டுவதையே நோக்கமாகக் கொண்டனர். திருப்பம் நேர்ந்தது அமெரிக்காவிலே. நியூ யோர்க் நகரில் பிறந்த போல் ஸ்ட்ராண்ட் என்னும் இளைஞர், 1915 ஆம் ஆண்டில் அந்நகரின் வோல் வீதியிலே ஒரு படம் எடுத்தார். அவ்வீதியில் மோர்கன் வங்கியாரின் புதிய கட்டடம் முந்திய ஆண்டிலேதான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஸ்ட்ராண்ட் கட்டடத்தின் வாயிலைக் காட்டவில்லை, கூரையைக் காட்டவில்லை, பெயர்ப்பலகையையும் காட்டவில்லை. சுவரில் ஆழப் பதிந்த நீண்ட சதுர இருட்டறைகள் போன்ற யன்னல்களை மட்டும் வரிசையாகக் காட்டினார். அவற்றின் அடியிலே, சாய்ந்த வெயிலில், தம் நீண்ட நிழல்களை இழுத்துக்கொண்டு சில மனிதர் எறும்புகள்போல நடந்து செல்கின்றனர். கட்டடம் கறுப்பும் சாம்பலுமான வெறும் வடிவமாகிவிட்டது. ஆனால் அப்படத்தைக் கண்டவர் எவரும், பெரிய தாபனத்தின் முன் சிறிய மனிதன் என்னும் எண்ணத்தைத் தவிர்க்க மாட்டார். இக்கலையின் தொடக்கக் காலப் படங்களுள் பெயர்பெற்ற ஒன்று ஒரு கந்தோர்க் கட்டடத்தைப் பற்றியதாகவே அமைந்தமை கருதத்தக்கது.

அடுத்த ஆண்டாகிய 1916 இன் கோடையிலே, கனெற்றிக்கற் மாநிலத்தில் துவின் லேக்ஸ் என்னும் ஊரில் அவர் தங்கியிருந்தார். அங்கே வீட்டு விறாந்தையில் ஒரு வட்டமேசையைச் சரித்து வைத்து, விறாந்தைக் கிராதியின் நிழல் அதன்மேலும் தரைமேலும் விழுவதை மிக அண்மையிலிருந்து எடுத்தார். படத்தில் வெள்ளைப் பட்டைகளும் கரும்பட்டைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. மேசை எங்கே, தரை எங்கே என்று சொல்ல இயலாது. பிக்காசோ முதலிய ஐரோப்பிய ஓவியர்கள் அக்காலத்தில் பொருள்களை உடைத்துக் கோணங்களாகக் காட்டிவந்தனர். அவர்கள் செய்வதை விளங்கிக்கொள்ளவே தாம் இச்சோதனைகளில் இறங்கியதாக ஸ்ட்ராண்ட் பிற்காலத்தில் கூறினார். நிழற்படக்கலையைக் கலையென நிலைநாட்டப் பாடுபட்ட அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், தாம் நடத்திய 'கமரா வேர்க்' என்னும் சஞ்சிகையின் கடைசி இதழை 1917 இல் ஸ்ட்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கினார்.

ருஷ்ய நாட்டிலே இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. அலெக்சாந்தர் ரொட்சென்கோ என்பார் 1925 ஆம் ஆண்டில், மொஸ்கோவின் மியாஸ்னித்ஸ்காயா வீதியிலே தாம் குடியிருந்த மாடிவீட்டையே படம்பிடித்தார். சுவரோடு ஒட்டி நின்று நேர்மேலே நோக்கி எடுத்த அப்படத்தில், மேன்மாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படிகள் போல வானில் ஏறுகின்றன. அக்காலத்துக் கருவிகளை வயிற்றோடு அணைத்துப் பிடித்தே படமெடுப்பது வழக்கம். எல்லாவற்றையும் தொப்புளின் மட்டத்திலிருந்தே பார்த்துப் பார்த்து மனிதரின் கண் மழுங்கிவிட்டது என்பது ரொட்சென்கோவின் குறை. மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால், நாள்தோறும் காணும் வீடும் புதிதாகும் என்றார். ஆனால் இதற்காக அவர் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது. வெறும் வடிவத்தையே போற்றுகிறார், மக்களுக்குப் பயன்படாத கலை செய்கிறார் என்று 1928 முதல் அவர்மீது கண்டனங்கள் எழுந்தன. 1930 களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்திருந்த கலைஞர் குழுவே அவரை விலக்கிவிட்டது. ஒரு மேன்மாடத்தை எக்கோணத்திலிருந்து பார்ப்பது என்பது அரசியற் குற்றமாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

மூன்றாமவர் லூசியன் ஹெர்வே. ஹங்கேரியில் 1910 இல் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கோபூசியே எழுப்பிக்கொண்டிருந்த பெரிய மாடிக் குடியிருப்பை 1949 இல் காணச் சென்றவர், ஒரே நாளில் 650 படங்களை எடுத்துத் தள்ளினார். அவற்றைக் கண்ட லெ கோபூசியே, கட்டடக் கலைஞனின் உள்ளம் இவரிடம் இருக்கிறது என்று வியந்து, தம் கட்டடங்களைப் படம்பிடிக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தார். ஹெர்வேயின் முறை எளியது. எடுத்த படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். வானம் வேண்டாததாயின் வானத்தை வெட்டுவார். வாயில் வேண்டாததாயின் வாயிலை வெட்டுவார். எஞ்சுவது ஒரு சுவரின் விளிம்பும் அதன்மேல் விழும் நிழலுமே. இந்தியாவின் சண்டிகார் நகரில் லெ கோபூசியே அமைத்த அரசாங்கக் கட்டடங்களையும் அவர் இவ்வாறே எடுத்திருக்கிறார்.

நம் நாட்டிலும் நிழற்படத்தை வெறும் பதிவாகக் கொள்ளாது ஒளியும் நிழலும் புரியும் கலையாகக் கண்ட ஒருவர் இருந்தார். அவர் 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வெண்ட். மனிதரிலும் நிலக்காட்சிகளிலுமே அவர் நாட்டம் மிகுதியாகச் சென்றது. ஆயினும் இருளையும் ஒளியையும் மாற்றிப் போட்டும், பல படங்களை ஒன்றாக இணைத்தும் அவர் செய்த சோதனைகள், நம்மவர் கண்ணுக்கும் இக்கலை புதிதன்று என்பதைக் காட்டும்.

இனி, இத்தகைய படம் ஆக்கப்படும் முறையைக் கூறுவேன். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இன்று பலருடைய சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே போதும். வேண்டியவை நான்கு.

முதலாவது, விலக்கல். நம் கண் எதனையும் அதன் சூழலோடு சேர்த்தே காண்கிறது. யன்னலின் பக்கத்தில் சுவரும், சுவரின் மேல் கூரையும் இருப்பதாலேயே அது யன்னல் என்று அறிகிறோம். படத்தின் நான்கு ஓரங்களாலும் அச்சூழலை வெட்டிவிட்டால், யன்னல் வெறும் நாற்கோணமாகிவிடும். எதனைச் சேர்ப்பது என்பதிலும் எதனை விடுவது என்பதிலேதான் கலைஞரின் திறமை வெளிப்படும்.

இரண்டாவது, நிற்கும் இடம். கட்டடத்தின் அடியில் நின்று மேல்நோக்கி எடுத்தால், நிமிர்ந்த கோடுகள் யாவும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். தொலைவில் நின்று, தூரத்துப் பொருளை அண்மையில் காட்டும் வில்லையால் எடுத்தால், முன்னுள்ள சுவரும் பின்னுள்ள சுவரும் ஒரே கடதாசியில் ஒட்டியனபோலத் தட்டையாகத் தோன்றும். ஆழம் மறைந்து கோலம் பிறக்கும்.

மூன்றாவது, ஒளி. முகங்களைப் படம்பிடிப்போர் நம் நாட்டு நண்பகல் வெயிலை வெறுப்பர். கண்குழிகளில் கரிய நிழல் விழுந்து முகம் கெட்டுவிடும். ஆனால் சுவரைப் படம்பிடிப்போருக்கு அதுவே நல்ல வேளை. சூரியன் உச்சிக்கு வரும்போது ஒளி சுவரை ஒட்டி வழிந்து இறங்குகிறது. அப்போது சாந்தின் ஒவ்வொரு பொருக்கும், செங்கல்லின் ஒவ்வொரு விளிம்பும் தன் உயரத்திலும் நீண்ட நிழலைக் கீழே எறிகிறது. காலையில் வெறுமையாய்க் கிடந்த மதில் நண்பகலில் மலைநாட்டு வரைபடம் போலாகிவிடும். மாதத்துக்கு மாதம் சூரியன் வடக்கிலும் தெற்கிலும் ஒதுங்குவதனால் நிழலின் போக்கும் மாறும். முதிய சிற்றூழியர் தை மாதம் என்று குறித்துச் சொன்னதன் உண்மை இதுவே.

நான்காவது, நிறத்தைக் குறைத்தல். நிறம் பொருளை விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். சிவந்த நிறம் கண்டால் ஓடு என்போம். பச்சை கண்டால் பாசி என்போம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அவ்வடையாளம் நீங்கி வடிவம் மட்டும் எஞ்சும். வண்ணத்திலும் இக்கலையைச் செய்வோர் உண்டு. அவர்களுங்கூட ஒன்றிரண்டு நிறங்களோடு நின்றுவிடுதலே பெரும்பான்மை.

படம் ஆயிற்று, அது கந்தோருக்கு வந்த கதை யாது? முன்னாளில் கந்தோர்ச் சுவருக்கு உரியவை மூன்று: தாபகரின் உருவப்படம், மணிக்கூடு, நாட்காட்டி. முதலாவது யாருக்குப் பணிய வேண்டும் என்பதையும், மற்றவை எவ்வளவு நேரம் பணிய வேண்டும் என்பதையும் அறிவித்தன. இம்முறை மாறத் தொடங்கியதற்கு ஓர் எல்லைக்கல்லாகக் கூறப்படுவது 1959 ஆம் ஆண்டு. நியூ யோர்க்கின் சேஸ் மன்ஹற்றன் வங்கி, டேவிட் றொக்பெல்லரின் முயற்சியால், தன் கந்தோர்களுக்கென்றே தற்காலக் கலைப்படைப்புகளைத் திரட்டத் தொடங்கிற்று. அரும்பொருட்சாலைகளின் அறிஞர்களைக் கொண்ட குழு ஒன்று படங்களைத் தேர்ந்தெடுத்தது. 1961 இல் திறக்கப்பட்ட அவ்வங்கியின் 60 மாடிக் கட்டடத்தில் அவை இடம்பெற்றன. பின்னர், 2000 ஆம் ஆண்டின் முடிவிலே, இவ்வங்கி ஸ்ட்ராண்ட் படம்பிடித்த அதே மோர்கன் தாபனத்தோடு இணைந்தது. மனிதரைச் சிறிதாக்கிய சுவருக்கு உரியவரும், மனிதர் பார்ப்பதற்கெனச் சுவரில் படம் மாட்டியவரும் இவ்வாறு ஒன்றாயினர்.

நிழற்படத்துக்கென்றே இவ்வழியில் சென்றது யேர்மனியின் பங்குச்சந்தைத் தாபனமாகிய டொய்ச்ச பேர்சே. 1999 ஆம் ஆண்டில் அது தற்கால நிழற்படங்களை மட்டுமே சேர்க்கத் தொடங்கி, தன் ஊழியர் தொழில் செய்யும் இடங்களிலே தொங்கவிட்டது. பேர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் தம்பதியரின் படங்களும் அத்திரட்டில் உண்டு. அவர்கள் பல்லாண்டுகளாக நீர்த்தாங்கிகளையும், ஊதுலைகளையும், தொழிலாளர் வாழ்ந்த மரச்சட்ட வீடுகளையும் தேடித்தேடி எடுத்தவர்கள். முகில் மூடிய நாளில், நேர்முகமாக, ஒரே அளவில் எடுத்து, ஒரே வகைக் கட்டடங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டுவர். தனியே பார்த்தால் அது நீர்த்தாங்கி. ஒன்பதைச் சேர்த்துப் பார்த்தால் எழுத்துகள் நிரம்பிய ஒரு பக்கம். எவர் கட்டினார் என்று பெயர் அறியப்படாத அக்கட்டடங்களின் படங்களுக்கு 1990 இல் வெனிஸ் நகரக் கலைவிழாவிலே சிற்பத்துக்குரிய பரிசு வழங்கப்பட்டது.

இவற்றாலெல்லாம் தொழில் செய்வோருக்கு யாது பயன் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறெய்க் நைட், அலெக்சாந்தர் ஹஸ்லம் என்னும் உளவியலாளர் இருவர் 2010 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. அவர்கள் கந்தோர் அறையை நான்கு வகையாக அமைத்து வேலை கொடுத்துப் பார்த்தனர். முதல் அறையில் மேசையும் கதிரையும் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டாவது அறையில் படங்களும் செடிகளும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில், அவற்றை எங்கே வைப்பது, வைப்பதா விடுவதா என்பதை வேலை செய்வோரே முடிவு செய்தனர். வெற்று அறையிலும் பார்க்க இரண்டாவது அறையில் வேலை ஏறக்குறைய 17 வீதம் கூடிற்று. மூன்றாவதில் ஏறக்குறைய 32 வீதம் கூடிற்று. நான்காவது வகையே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது. அதில், வேலை செய்வோர் தம் விருப்பப்படி அறையை ஒழுங்கு செய்தபின், ஆராய்ச்சியாளர் வந்து அவ்வொழுங்கைக் கலைத்துத் தம் விருப்பப்படி மாற்றி வைத்தார். படங்கள் இருந்தன, செடிகளும் இருந்தன. ஆனால் பெற்ற நன்மை மறைந்துபோயிற்று.

இதன் கருத்து வெளிப்படை. சுவரில் படம் இருப்பது நன்று. அப்படத்தைத் தெரிவதிலே அங்கு வாழ்வோருக்குப் பங்கு இருப்பது அதனினும் நன்று. பங்கைக் கொடுத்துப் பறிப்பது, கொடாமல் விடுவதைப் போன்ற தீங்கே. ஒருவன் தன் விழித்திருக்கும் வேளையின் பாதியைக் கந்தோரில் கழிக்கிறான். அவ்விடம் தனக்கும் சிறிது உரியது என்ற எண்ணம் அவனுக்கு வேண்டாமா? தன் கட்டடத்தின் படியையும் யன்னலையும் அழகாகக் காட்டும் படம் அவ்வெண்ணத்தைத் தருவதற்கு மிக ஏற்றது. வாங்கிவந்த மலைக்காட்சி, உன் மனம் வேறெங்காவது போகட்டும் என்கிறது. பின்படியின் நிழலைக் காட்டும் படமோ, நீ இருக்கும் இடத்திலேயே பார்ப்பதற்கு ஒன்று உண்டு என்கிறது.

எனினும் எல்லா இடத்துக்கும் இக்கலை ஒக்கும் என்று நான் கூறமாட்டேன். சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1990 களின் தொடக்கத்தில், இருதயச் சத்திரசிகிச்சை பெற்ற நோயாளர் முன் பலவகைப் படங்களை வைத்துச் சோதித்தனர். நீரும் மரங்களும் உள்ள காட்சி அவர்களின் பதற்றத்தைத் தணித்தது. நேர்கோடுகளாலான அருவப்படமோ, படமே இல்லாத நிலையினும் பதற்றத்தைக் கூட்டிற்று. நோவோடு கிடப்பவருக்குப் புதிர் வேண்டியதில்லை. நடமாடும் இடைகழி, மாடிப்படியின் திருப்பம், தேநீர் அருந்தும் அறை என்பன இப்படங்களுக்குப் பொருத்தமானவை. ஏனெனில் அங்கே விரும்பியவர் நின்று பார்க்கலாம், விரும்பாதவர் கடந்து போகலாம்.

தொங்கவிடும் முறையிலும் கவனம் வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்றிமீற்றர் உயரத்தில், நிற்பவரின் கண்மட்டத்தில் இருத்தல் நன்று. யன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் கண்ணாடியில் வெளிவானமே தெரியும், படம் தெரியாது. நேர்வெயில் படின் படம் வெளிறிவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றையும் மறக்கலாகாது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாதபடி இடையே தடித்த மட்டைச் சட்டம் வைக்கவேண்டும். மழையில் நனையும் வெளிச்சுவராயின் சட்டத்தின் பின்புறம் காற்றுப் புகச் சிறிது இடைவெளி விடவேண்டும். இன்றேல் இரண்டு மாரியிலே பூஞ்சணம் பிடித்து, கலைஞர் எண்ணாத வேறொரு சித்திரம் அதில் எழுந்துவிடும்.

இன்னுமொன்று கூறவேண்டும். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைக்கும், போதாத சம்பளத்துக்கும் படம் பரிகாரமாகாது. அக்குறைகளை மூடும் திரையாகப் படத்தை மாட்டும் முதலாளியும் உண்டு. அத்தகைய படத்தைத் தொழிலாளர் வெறுப்பின், குற்றம் கலையினுடையதன்று.

முன்பு கூறிய கந்தோரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். சில காலத்தின்பின் அக்கந்தோருக்கு வர்ணம் பூசினார்கள். ஆறு படங்களையும் கழற்றிக் களஞ்சிய அறையில் போட்டுவிட்டு, பளபளக்கும் வெளிநாட்டு நகரக்காட்சிகளை மாட்டினார்கள். அங்குள்ள எவரையும் கேட்கவில்லை. எவரும் வாய்விட்டு எதிர்க்கவுமில்லை. முதிய சிற்றூழியர் மட்டும் நிருவாகியிடம் சென்று, படியின் படத்தைத் தேநீர் அறையில் மாட்ட அனுமதி கேட்டாராம். கிடைத்தது. சென்ற தை மாதத்தில் ஒருநாள், காலை ஒன்பதரை மணியளவில், நான் அங்கே போக நேர்ந்தது. பின்பக்கம் சென்றேன். பன்னிரண்டு நிழல்களும் படியின்மேல் கிடந்தன. ஈரிடங்களில் முறிந்திருந்தன. மீன்முள் என்று முன்பு கூறிய லிகிதரும் கோப்புகளைக் கையில் அணைத்தபடி அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒவ்வோராண்டும் இந்நாட்களில் சிறிது நேரம் வந்து பார்த்துப் போவதாகச் சொன்னார்.

நேயர்களே, நாளைக் காலை நீங்களும் உங்கள் தொழிலிடத்துக்குப் போகும்போது படியிலே ஒரு கணம் நின்று பாருங்கள்.